தமிழ் எழுத்து உருக்கொள்ளும் இடம்: யூனிக்ஸ் பணிநிலையங்களில் தொலைநிலை வரைகலை உள்நுழைவு – செங்கல்பட்டு வட்டாரக் கல்விநிலையங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

வலையமைப்பில் இணைந்த யூனிக்ஸ் பணிநிலையங்களுள் ஒன்றன் முன் அமர்ந்து, மற்றொன்றில் உள்நுழைந்து, அதன் முழுத் திரையையும் தம் முன் வரவழைத்துப் பணியாற்றும் முறை தொலைநிலை வரைகலை உள்நுழைவு எனப்படும். பழைய கணினிகளை மட்டுமே உடைய தமிழ்த்துறை ஆய்வகங்களுக்கு இம்முறை பெரிதும் பயன்படும். ஆயினும் திரை ஒரு கணினியிலும் நிரல் வேறொரு கணினியிலும் இருக்கும்போது, தமிழ் எழுத்து எந்தக் கணினியில் உருக்கொள்கிறது என்பதை அறியாமல் இதனை அமைத்தால் எழுத்துச் சிதைவும், அதன்வழித் தரவிழப்பும் நேரும். எக்ஸ் சாளர அமைப்பின் காட்சி மேலாண்மை நெறிமுறை செயற்படும் வகையையும், அதனை அமைக்கும் முறையையும், தமிழ்க் குறியேற்றங்களோடு அது கொண்டுள்ள தொடர்பையும், அதன் பாதுகாப்புக் குறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எக்ஸ் சாளர அமைப்பு, காட்சி மேலாளர், வழங்கி, எழுத்துரு, திஸ்கி, ஒருங்குறி, தமிழ்99

முன்னுரை

சென்னையின் தென்புறத்தே தாம்பரம், செங்கல்பட்டு எனவும், கடலோரமாக மாமல்லபுரம், கல்பாக்கம் எனவும் விரியும் நிலப்பகுதி 2019ஆம் ஆண்டு நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. பல்லவர் கற்றளிகளால் அறியப்பட்ட இவ்வட்டாரம் கணிப்பியல் நோக்கிலும் கருதத்தக்கது. 1971இல் அணுவுலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கப்பெற்று, 1985இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர்பெற்ற நிறுவனம் கல்பாக்கத்தில் உள்ளது. பழைய மாமல்லபுரம் சாலையையொட்டிய சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இயங்குகிறது. குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யூ.–கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் இணைந்து, 2005இல் கட்டற்ற, திறமூல மென்பொருள்களுக்கான தேசிய வளமையத்தைத் தோற்றுவித்தன. இம்முயற்சியின் பயனாக 2007இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் இயங்குதளம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பணியாற்ற வழிசெய்தது.

அணுவுலையின் வெப்பப் பரவலைக் கணிக்கும் அறிவியலாளருக்கும், கல்வெட்டுச் சொற்களை அடைவுபடுத்தும் தமிழாய்வாளருக்கும் கணினி சார்ந்த தேவை ஒருவகையில் ஒன்றே. ஆற்றல்மிக்க கணினி குளிரூட்டப்பெற்ற அறையில் ஓரிடத்தில் இருக்கும். அதனைப் பயன்படுத்துவோர் பலர் பல இடங்களில் அமர்ந்திருப்பர். முன்னவர்க்கு இத்தேவை கணக்கின் அளவால் நேர்கிறது. பின்னவர்க்கோ துறையின் நிதிநிலையால் நேர்கிறது. கடற்காற்றின் உப்பு கணினிப் பலகைகளை அரிக்கும் ஊர்களில், நல்ல கணினி ஒன்றை மட்டும் மூடிய அறையில் காத்து, ஏனையவற்றை வெறும் திரைகளாகப் பயன்படுத்துவது சிக்கனமுமாகும். இக்கட்டுரை பின்னவரை, அதாவது தமிழ்த்துறை ஆய்வகங்களைக் கருத்திற்கொண்டு எழுதப்படுகிறது.

திரை ஓரிடம், நிரல் வேறிடம்

எக்ஸ் சாளர அமைப்பு 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஏதெனா திட்டத்தின் சூழலில் பிறந்தது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த பணிநிலையங்கள் அவ்வளாகத்தில் கலந்து கிடந்தன. எந்தக் கணினியில் நிரல் ஓடினாலும் அதன் சாளரம் எந்தத் திரையிலும் தோன்றவேண்டும் என்பதே நோக்கம். ஆகவே வலையமைப்பு என்பது இவ்வமைப்பில் பின்னர்ச் சேர்க்கப்பட்டதன்று; அடித்தளத்திலேயே உள்ளது. 1987 செப்டம்பரில் வெளிவந்த பதினோராம் பதிப்பின் நெறிமுறையே இன்றளவும் வழங்குகிறது.

இவ்வமைப்பில் நிரல், திரைக்குப் படத்தை அனுப்புவதில்லை. 'இவ்விடத்தில் சாளரம் திற, இக்கோட்டை வரை, இவ்வெழுத்தை இடு' என ஏவல்களை அனுப்புகிறது. திரையுள்ள கணினி அவ்வேவல்களை நிறைவேற்றி, விசையழுத்தங்களையும் சுட்டியின் அசைவுகளையும் திருப்பி அனுப்புகிறது. தமிழ் எழுத்து பற்றிய சிக்கல் முழுவதும் 'இவ்வெழுத்தை இடு' என்னும் ஏவலில் அடங்கியுள்ளது.

'வழங்கி' என்னும் கலைச்சொல்லின் இடர்ப்பாடு

இங்குக் கலைச்சொல் குறித்த ஒரு தெளிவு இன்றியமையாதது. பொதுவழக்கில் 'வழங்கி' அல்லது 'சேவையகம்' என்பது எங்கோ அறையில் உள்ள பெரிய கணினியைக் குறிக்கும். அதனிடம் கேட்டுப் பெறும் சிறிய கணினி 'வாங்கி' எனவும் 'கிளையன்' எனவும் சுட்டப்படும். எக்ஸ் அமைப்பிலோ இது தலைகீழாகிறது. பயனர் முன் உள்ள எளிய கணினியே வழங்கி. ஏனெனில் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகிய மூன்றும் அதன் உடைமை. அவற்றைப் பயன்படுத்தும் உரிமையை நிரல்களுக்கு வழங்குவது அதுவே. பேராற்றலுடைய கணினியில் ஓடும் நிரல், திரையை இரந்து பெறும் வாங்கியாகிறது.

பயிற்சி வகுப்புகளில் ஆசிரியர்கள் இவ்விடத்தில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். 'எழுத்துருவை வழங்கியில் நிறுவுக' என்று பழைய கையேட்டில் இருந்தால், அது குளிரூட்டப்பெற்ற அறையில் உள்ள கணினியைக் குறிப்பதன்று. மாணவர் முன் உள்ள பழைய கணினியைக் குறிப்பது. ஒரு சொல்லைப் பொதுவழக்கின் பொருளிலேயே கொண்டதால் ஒரு நாள் முழுதும் வீணாகக்கூடும். சொல்லுக்குச் சொல் பெயர்த்த கலைச்சொல் பிழையுடையது என்பதன்று. ஆங்கிலத்திலும் இம்மயக்கம் உண்டு. ஆயினும் தமிழில் விளக்கம் எழுதுவோர் 'காட்சி வழங்கி', 'நிரற்கணினி' என அடைகொடுத்து வழங்குதல் மயக்கத்தை நீக்கும். இக்கட்டுரை இவ்விரு சொற்களையே கையாள்கிறது.

உள்நுழைவு நிகழும் முறை

காட்சி வழங்கி வெறுந்திரையை மட்டுமே தரும். அதில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சாளரத்தைத் தோற்றுவித்து, சரிபார்த்து, பயனரின் அமர்வைத் தொடங்கிவைப்பது காட்சி மேலாளர் என்னும் நிரல். 1988இல் இதன் முதல் வடிவம் வந்தபோது, எந்தெந்தத் திரைகளைக் கவனிக்கவேண்டும் என்ற பட்டியலை நிரற்கணினியிலேயே எழுதிவைக்க வேண்டியிருந்தது. திரைக்கணினியை ஒருவர் அணைத்து மீண்டும் போட்டால் மேலாளர் அதனை அறியாது திகைத்தது. இக்குறையைக் களைய கீத் பேக்கார்டு வகுத்த காட்சி மேலாளர் கட்டுப்பாட்டு நெறிமுறை, 1989 இறுதியில் வெளிவந்த நான்காம் வெளியீட்டில் இடம்பெற்றது. எக்ஸ்டிஎம்சிபி என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம்.

இந்நெறிமுறை ஓர் உரையாடல் போன்றது. காட்சி வழங்கி முதலில் யூடிபி 177ஆம் துறைக்கு வினவல் ஒன்றை விடுக்கிறது. குறிப்பிட்ட ஒரு நிரற்கணினியை நோக்கி வினவலாம். வலையமைப்பில் உள்ள அனைத்தையும் நோக்கிப் பொதுவாகவும் வினவலாம். ஒரு கணினியிடம் கேட்டு ஏனையவற்றின் பட்டியலைப் பெறவும் செய்யலாம். மேலாளர் 'இசைவு' அல்லது 'இசைவின்மை' தெரிவிக்கும். இசைந்தால், காட்சி வழங்கி தன் முகவரியோடு வேண்டுகோள் விடுக்கிறது. மேலாளர் ஏற்று, அமர்வு எண்ணும் நுழைவுரிமைச் சாவியும் தருகிறது. 'மேலாண்மையை மேற்கொள்க' எனக் காட்சி வழங்கி இறுதியாகச் சொன்னதும், மேலாளர் எதிர்த்திசையில் டிசிபி 6000ஆம் துறை வழியாக அத்திரையோடு இணைந்து உள்நுழைவுச் சாளரத்தை வரைகிறது. பின்னர் அவ்வப்போது 'உயிரோடு இருக்கிறாயா' என்னும் வினாவும் விடையும் நிகழும்.

இவ்வுரையாடலில் திசை மாறும் இடம் கருதத்தக்கது. வினவல் திரையிலிருந்து நிரற்கணினிக்குச் செல்கிறது. வரைதற்கான இணைப்போ நிரற்கணினியிலிருந்து திரைக்கு வருகிறது. ஆதலின் தீயரண் இரண்டு இடங்களில் திறக்கப்படவேண்டும். ஒரே பொது முகவரியின் பின் பல கணினிகள் மறைந்திருக்கும் வீட்டு அகலக்கற்றை இணைப்பில், உள்நோக்கி வரும் இவ்விரண்டாம் இணைப்பு வழியறியாது நின்றுவிடும். மாமல்லபுரத்து வீட்டிலிருந்து செங்கல்பட்டுக் கல்லூரியில் இம்முறையால் நேரே உள்நுழைய முயல்வோர் தோல்வியுறுவதற்கு இதுவே காரணம்.

அமைக்கும் முறை

அமைத்தல் கடினமன்று, சில வரிகளே மாற்றவேண்டியவை. முதலில் நிரற்கணினியில் எந்தக் காட்சி மேலாளர் உள்ளது என அறியவேண்டும். பாஸ் லினக்ஸ் டெபியனை அடியொற்றியது. ஆதலின் டெபியனுக்கான வழிகாட்டுதலே அதற்கும் பொதுவாகப் பொருந்தும். க்னோம் மேலாளராயின் அதன் அமைவுக் கோப்பில் எக்ஸ்டிஎம்சிபி என்னும் பகுதியின்கீழ் இயக்க அனுமதியை 'உண்மை' என மாற்றவேண்டும். லைட்டிஎம் மேலாளரில் இதற்கெனத் தனிப்பகுதி உண்டு. பழைய எக்ஸ்டிஎம் மேலாளரில் வேண்டுகோள் துறை சுழி எனக் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வரியின் முன் வியப்புக்குறி இட்டு அதனைச் செயலிழக்கச் செய்யவேண்டும். மேலும் அதன் அணுக்கக் கோப்பில் எந்தக் கணினிகளுக்கு இசையலாம் என்பதை எழுதவேண்டும். உடுக்குறி ஒன்றை மட்டும் இட்டால் எல்லாக் கணினிகளுக்கும் கதவு திறந்துவிடும். பல வழிகாட்டிகள் அதையே கூறுகின்றன. ஆய்வகக் கணினிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுவதே முறை.

திரைப்பக்கத்தில், எக்ஸ் வழங்கியைத் தொடங்கும்போது நிரற்கணினியின் பெயரோடு வினவுமாறு ஏவவேண்டும். 2015இல் வெளிவந்த 1.17ஆம் பதிப்பு முதல் எக்ஸ்.ஆர்க் வழங்கி வெளியிலிருந்து வரும் டிசிபி இணைப்பை இயல்பாகவே மறுக்கிறது. 'செவிமடு' என்னும் விருப்பத்தேர்வையும் உடன் தரவேண்டும். இதனை அறியாதார் பழைய கையேட்டின்படி அனைத்தையும் சரியாகச் செய்தும் பயன் காண்பதில்லை. முழுத்திரையை மாற்ற விரும்பாதவர், தம் திரைக்குள்ளேயே ஒரு சாளரமாக மற்றொரு வழங்கியைத் தோற்றுவிக்கும் செஃபைர் நிரலைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

பிழை எங்குள்ளது என்பதைத் திரையே ஓரளவு சொல்லிவிடும். உள்நுழைவுச் சாளரம் இன்றி வெறுந்திரையும் சுட்டியும் மட்டும் நின்றால், காட்சி வழங்கி நலமாக உள்ளது. வினவலுக்கு விடை வரவில்லை எனக் கொள்ளலாம். திரை மின்னி மின்னி மீண்டும் தொடங்கினால், மேலாளர் இசைந்தும் திரையோடு இணைய இயலவில்லை, அல்லது அமர்வு தொடங்கியவுடன் முறிகிறது என்பது பொருள். பொது வினவல் திசைவியைத் தாண்டிச் செல்லாது. ஆய்வகம் ஒரு கட்டடத்திலும் நிரற்கணினி மற்றொன்றிலும் இருந்து இடையே திசைவி இருப்பின், பெயர் குறித்தே வினவவேண்டும்.

தமிழ் எழுத்து உருக்கொள்ளும் இடம்

இனி, தமிழாய்வாளர்க்கு உரிய பகுதிக்கு வருவோம். தொடக்ககால எக்ஸ் அமைப்பில் எழுத்துருக்கள் காட்சி வழங்கியின் உடைமை. நிரல் எழுத்துருவின் பெயரையும் எழுத்தெண்களையும் மட்டும் அனுப்பும். உருவத்தைத் திரைக்கணினி தன் இருப்பிலிருந்து எடுத்து வரையும். எனவே பத்துத் திரைக்கணினிகள் இருந்தால் பத்திலும் தமிழ் எழுத்துருவை நிறுவவேண்டும். அல்லது எழுத்துரு வழங்கி ஒன்றைத் தனியே இயக்கி அனைத்தையும் அதனை நோக்கச் செய்யவேண்டும்.

இம்முறைக்கு இயைந்தது திஸ்கி. அது எட்டுத்துணுக்குக் குறியேற்றம். எழுத்தின் வடிவங்களையே, கண்ணுக்குத் தோன்றும் வரிசையில், எண்களாகச் சேமிப்பது. 'செங்கல்பட்டு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ் இலக்கண வழியில் இதன் எழுத்துகள் ஏழு. திஸ்கியில் இது எட்டு எண்களாகும்: ஒற்றைக்கொம்பு முதலில் வரும், அடுத்துச் சகரம், ஙகர மெய், லகர மெய், டகர மெய் ஆகியன ஒவ்வொன்றும் புள்ளியோடு ஒரே எண்ணாகவும், 'டு' ஒரே எண்ணாகவும் அமையும். வந்த வரிசையிலேயே வரைந்தால் சொல் பிழையின்றித் தோன்றும். எக்ஸ் நூலகத்தின் மொழியமைவுத் தரவில் திஸ்கிக்கென ஓரிடம் தரப்பட்டிருப்பதும், விசைப்பலகைத் தரவுத்தொகுதியில் தமிழ்நெட் அமைப்பின் திஸ்கி, டேப் வடிவங்கள் இடம்பெற்றிருப்பதும் அக்காலத் தன்னார்வலர் உழைப்பின் சுவடுகள்.

ஒருங்குறியில் இதே சொல் பன்னிரண்டு குறிப்புள்ளிகளாகும். சகரம் முதலில் வரும். ஒற்றைக்கொம்பு அதன் பின்னரே சேமிக்கப்படும். மெய்கள் ஒவ்வொன்றும் உயிர்மெய் வடிவமும் புள்ளியுமாகப் பிரியும். ஒலிப்பு வரிசையில் சேமித்து, தோற்ற வரிசையில் காட்டுவது இதன் கொள்கை. ஆகவே இடையில் ஒரு நிரல் கொம்பை முன்னே நகர்த்தி, 'டு' போன்றவற்றுக்கு உரிய வடிவத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பழைய முறையில் எழுதும் காட்சி வழங்கிக்கு இவ்வறிவு கிடையாது. 2000ஆம் ஆண்டளவில் கீத் பேக்கார்டே உருவாக்கிய ரெண்டர் நீட்டிப்பும் எக்ஸ்எஃப்டி நூலகமும் வழியை மாற்றின. எழுத்துரு நிரற்கணினியின் பக்கம் இடம்பெயர்ந்தது. பாங்கோ, க்யூட்டி, பின்னர் ஹார்ஃப்பஸ் முதலிய கருவிகள் நிரற்கணினியிலேயே எழுத்தை உருவாக்கி, அவ்வுருவங்களைத் திரைக்கு ஒருமுறை அனுப்பிவைக்கின்றன; பின்னர் எண்ணால் சுட்டினால் போதும்.

இதன் பயன் பெரிது. இன்றைய நிரல்களைப் பொறுத்தவரை, தமிழ் எழுத்துருவை நிரற்கணினி ஒன்றில் நிறுவினாலே போதும். திரைக்கணினி எவ்வளவு பழையதாயினும் தமிழ் செம்மையாகத் தோன்றும். ஆனால் பழைய முறையில் எழுதும் நிரல்களும் இன்னும் உடன் வாழ்கின்றன என்பதே இடர். எக்ஸ்டெர்ம் என்னும் முனையச் சாளரம் தமிழுக்கான வடிவமைப்பைச் செய்வதில்லை. எக்ஸ்டிஎம் மேலாளரை மட்டும் நிறுவி, மேசைச்சூழல் எதனையும் நிறுவாத நிரற்கணினியில் உள்நுழைந்தால் பயனர்க்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அச்சாளரமே.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான் கண்டது இது. ஊர்ப்பெயர் அடைவு ஒன்றை மாணவர்கள் அம்முனையத்தில் திறந்தனர். 'மாமல்லபுரம்' ஓரளவு படிக்கத்தக்கதாய் இருந்தது; அதில் கொம்பு இல்லை. 'செங்கல்பட்டு' மட்டும் சகரத்தின் பின் கொம்பு விழுந்து, அக்கொம்பு ஙகரத்தைச் சார்ந்தது போலத் தோன்றியது. கோப்பு கெட்டுவிட்டது எனக் கருதிய மாணவர் ஒருவர், கொம்பை அழித்துச் சகரத்தின் முன் இட்டுச் 'சரிசெய்தார்'. செ, கொ, கை எனத் தொடங்கும் பெயர்கள் பலவற்றை இவ்வாறே திருத்தினார். அத்திரையில் யாவும் நேராயின. மேசைச்சூழலின் உரைத்தொகுப்பியில் அதே கோப்பைத் திறந்தபோது கொம்புகள் வட்டப்புள்ளிகளோடு தனித்து நின்றன. தேடினால் 'செங்கல்பட்டு' என்னும் சொல்லே அடைவில் இல்லை. சரியாக இருந்த தரவு, தவறாகக் காட்டிய திரைக்கு ஏற்ப மாற்றப்பட்டுவிட்டது. அம்மாணவரைக் குறைகூற இயலாது. கண்ணால் கண்டதைத்தான் திருத்தினார். தொலைநிலை உள்நுழைவு அமைத்துத் தருவோர், ஒருங்குறித் தமிழை வடிவமைக்கும் முனையத்தையும் தொகுப்பியையும் இயல்புத்தேர்வாக வைத்த பின்னரே மாணவர்க்குத் திறந்துவிடவேண்டும் என நான் வற்புறுத்துவது இதனாலேயே.

உள்ளீடும் வரிசைப்படுத்தலும்

விசைப்பலகையிலும் இருவகை உண்டு. ஒரு விசைக்கு ஒரு குறி என்னும் எளிய பொருத்தம் காட்சி வழங்கியின் பக்கம் நிகழ்வது. தமிழ்99 முறையிலோ ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலதன்மேல் தானே புள்ளி விழவேண்டும். முன் வந்த எழுத்தை நினைவிற்கொண்டு முடிவுசெய்யும் திறன் வேண்டும். அது ஐபஸ் போன்ற உள்ளீட்டு நிரலின் பணி. அந்நிரல் நிரற்கணினியின் அமர்வில் ஓடும். எனவே அதனையும் நிரற்கணினியில் நிறுவினால் போதும். ஆனால் பயனர் தம் திரைக்கணினியிலும் தமிழ் விசைப்பொருத்தத்தை முன்னரே இயக்கியிருந்தால் இரண்டும் மோதும். திரைப்பக்கம் ஆங்கிலமாகவே இருத்தல் நன்று.

சொல்லடைவு செய்வோர் மொழியமைவையும் நோக்கவேண்டும். வரிசைப்படுத்தல் நிரற்கணினியில் நடக்கிறது. அங்குத் தமிழ் மொழியமைவு உருவாக்கப்பட்டிராவிடில் குறிப்புள்ளி வரிசையே கிடைக்கும். அதில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், வகரத்திற்கு முன் ளகரமும் ழகரமும் வரும். அகரவரிசை மாறியதற்கு நிரலைப் பழிப்போர் பலர். முதலில் பார்க்கவேண்டியது எந்தக் கணினியில், எந்த மொழியமைவில் அது ஓடியது என்பதே.

மறைகுறியாக்கம் இன்மை

இந்நெறிமுறையின் பெருங்குறை, செய்திகள் மறைகுறியாக்கம் இன்றிச் செல்வது. உள்நுழைவுச் சாளரத்தில் தட்டும் கடவுச்சொல் ஒவ்வொரு விசையழுத்தமாகத் திரையிலிருந்து நிரற்கணினிக்கு வெளிப்படையாகப் போகிறது. அதே வலையமைப்பில் பொதிகளைப் பிடித்துப் பார்க்கும் ஒருவர் அதனைப் படிக்கலாம். நுழைவுரிமைச் சாவியும் அவ்வாறே. 1989இல் வளாகத்தினுள் நம்பிக்கை நிலவிய சூழலில் இது பொறுக்கத்தக்கதாய் இருந்திருக்கலாம். மாணவர் கைப்பேசிகளும் ஒரே வலையமைப்பில் இணையும் இக்காலத்தில் இதனை அப்படியே பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை. ஆய்வகத்திற்கெனத் தனியே பிரித்த கம்பிவழி வலையமைப்பில் மட்டும், வெளித்தொடர்பு அடைக்கப்பட்ட நிலையில், இதனை இயக்கலாம்.

மாற்றுவழி, 1995இல் பின்லாந்தின் தாத்து யூலோனென் உருவாக்கிய எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பு முனைய நெறிமுறை. அது எக்ஸ் இணைப்பை மறைகுறியாக்கிய குழாயின் உள்ளே கொண்டுசெல்லும். இணைப்பைத் திரைப்பக்கமே தொடங்குவதால் எதிர்த்திசைச் சிக்கலும் தீர்கிறது. பழைய கணினிகளைத் திரைகளாக்கும் லினக்ஸ் முனைய வழங்கித் திட்டம், தொடக்கத்தில் எக்ஸ்டிஎம்சிபியைப் பயன்படுத்தி, ஐந்தாம் பதிப்பில் எஸ்எஸ்எச் வழிக்கு மாறியது இக்காரணங்களை எண்ணியே எனலாம். எழுத்து உருக்கொள்ளும் இடம் இதனால் மாறுவதில்லை. மேலே கூறியவை அனைத்தும் இங்கும் பொருந்தும்.

படமாக வரும் திரை

தொலைவு மிகும்போது எக்ஸ் நெறிமுறை தளர்கிறது. ஒவ்வொரு சிறு வினாவுக்கும் விடைக்காகக் காத்திருக்கும் இயல்பு அதற்கு உண்டு. ஆய்வகத்தினுள் தெரியாத இத்தாமதம் அகலக்கற்றை இணைப்பில் பெருகும். அங்கு விஎன்சி, ஆர்டிபி போன்ற முறைகள் உதவுகின்றன. இவை ஏவல்களை அனுப்பாமல், நிரற்கணினியிலேயே வரைந்து முடித்த திரையைப் படமாக அனுப்புகின்றன. எழுத்து பார்வைக்குச் சிதைவதில்லை. ஆயினும் விஎன்சியின் அடிப்படை நெறிமுறையில் ஒட்டுப்பலகை உரை மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய லத்தீன்-1 குறியேற்றத்துக்கே வகுக்கப்பட்டது. தொலைத்திரையில் படியெடுத்த தமிழ்ப் பத்தியை நம் கணினியில் ஒட்டினால் வினாக்குறிகளாகவோ வெறுமையாகவோ வரும். பின்னர் வந்த விரிவாக்கம் ஒருங்குறியை ஏற்கிறது; இருபுறமும் அதனை அறிந்த பதிப்புகள் இருந்தாலன்றிப் பயனில்லை. இவ்வையம் தீரும்வரை, பத்திகளை ஒட்டுப்பலகையால் கடத்தாமல் கோப்பாகவே எஸ்எஸ்எச் வழி மாற்றுவது பாதுகாப்பானது.

எக்ஸ் அமைப்பின் இடத்தை வேலண்டு மெல்ல மெல்லப் பெற்றுவருகிறது. 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய அதன் நெறிமுறையில் வலையமைப்பு இல்லை. நிரலும் திரையும் ஒரே கணினியில் இருக்கும் எனக் கொள்கிறது. அதனால் 2024 மார்ச்சில் வெளிவந்த க்னோம் 46, தொலைநிலை வரைகலை உள்நுழைவை ஆர்டிபி வழியாகத் தருகிறது. புதிதாக ஆய்வகம் அமைப்போர் அதனையே தேர்ந்தெடுக்கலாம். பழைய திஸ்கி ஆவணங்களை அவற்றிற்குரிய பழைய நிரல்களிலேயே திறந்து சரிபார்க்கவேண்டியவர்கள் மட்டும், ஒரு நிரற்கணினியில் எக்ஸ் அமர்வைக் காத்துவைத்து, எழுத்துருவைக் காட்சி வழங்கியின் பக்கம் நிறுவி, எஸ்எஸ்எச் குழாய் வழியே அதனை அணுகவேண்டியிருக்கும்.